வாய் வைக்காத கை

ஏன் செண்பகம், வந்த ஐந்து நாளாக அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருக்கிறாயே, "அதுக்கு எதுக்குக்கா தாழ்ப்பாள்?" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? நான் கடித்தா வைப்பேன்?

உள்ளே தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. ஒரு எவர்சில்வர் தட்டு, ரெண்டு கிண்ணம், ஒரு டம்ளர், ஒரு கரண்டி. என்னுடையது. மூன்று மாதமாக என் பிள்ளை பேச்சியோட குட்டித் தட்டும் அதுக்குள்ளேதான் இருக்கு.

உட்காரு. நாளைக்குக் கோயிலுக்கு நாலு படி சின்ன வெங்காயம் உரிக்கணும், உரித்துக்கொண்டே பேசுவோம். அத்தை சந்தைக்குப் போயிருக்காங்க. அவங்க இல்லாமல் நான் இந்த அடுப்படியில் உட்கார்ந்து எத்தனை நாளாச்சு தெரியுமா! தண்ணியில் போட்டு உரி, தோல் வழுக்கிக்கொண்டு வரும்.

நான் சைவ வீட்டுப் பொண்ணு. அது உனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரன் சொல்லியிருப்பான். சங்கரன்கோவில் பக்கம். எங்க வீட்டில் முட்டை என்கிற வார்த்தையையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாங்க. உங்க பெரியத்தான் எங்க ஊருக்கு போர் மோட்டார் மாட்ட வந்தவர். மோட்டாரை மாட்டினார், தண்ணி வந்தது, பின்னாலேயே நானும் வந்துவிட்டேன். அவ்வளவுதான் எங்க கதை. எங்க அப்பா ரெண்டு வருஷம் என் பெயரையே எடுக்கவில்லை.

இங்கே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்குது, நான் மாட்டுத் தொட்டிப் பக்கம் போய் வாந்தி எடுக்கிறேன். அத்தை வாசலில் நின்று, "ஏட்டி, நாள் தள்ளிப் போச்சா?" என்று கேட்டாங்க. கல்யாணமாகி நாலு நாள்! அதற்கப்புறம் வாராவாரம் இதே கூத்துதான். "ஒரு துண்டு வச்சுப் பாரேன், உள்ளே போனா உனக்கே தெரியும்" என்பாங்க அத்தை. உன் வீட்டுக்காரன் அப்போது பத்தாவது படிக்கிறான். "மதினி, கத்திரிக்காய்க்கும் உயிர் இருக்கு, அது கத்தத் தெரியாம செத்துப் போகுது" என்பான். நான் அசையவில்லை. எனக்கு ஒரு தட்டு தனியாக வேணும், கவுச்சி படாத ஒரு கரண்டி வேணும் என்று கெஞ்சி வாங்கியதுதான் அந்த அலமாரி. அப்போது அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது.

ஒரு வருஷம் கழித்து அத்தை வாய்க்காலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாங்க. ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூணு ஆம்பிளை முகத்தையும் பார்க்க முடியவில்லை, செத்த வீடு மாதிரி இருக்கு. சரி என்று நானே கறியை எடுத்துச் சட்டியில் போட்டேன். மூக்கில் முந்தானையைச் சுற்றிக்கொண்டேன். அத்தை கட்டுப் போட்ட கையோடு வாசலில் உட்கார்ந்து, இப்போ மிளகாய், இப்போ தேங்காய் என்று சொல்லிக்கொண்டே இருந்தாங்க. உப்பு மட்டும் என் உள்ளங்கை அளவு. நாக்கில் வைத்துப் பார்க்க முடியாதில்லையா, கை நிதானம்தான். இறக்கி வைத்துவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் சட்டி காலி. மாமா விரலைச் சூப்பிக்கொண்டு, "ஆட்டைப் பார்த்தே இராத பிள்ளை இப்படி வச்சிருக்கே!" என்கிறார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேணும். சின்ன வயசு, பாராட்டினால் பறந்து போவோம். அன்றைக்கிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்னுடையது. சமைப்பேன், குளிப்பேன், என் தட்டை எடுத்து ரசமும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவேன். அவங்க பாட்டுக்கு அவங்க, நான் பாட்டுக்கு நான். நல்லாத்தான் இருந்தது.

கோயில் விஷயம் வந்தபோதுதான் மாறிப்போச்சு.

நம்ம கருப்பன் கோயில் வழக்கம் உனக்குத் தெரியாது. உங்க ஊரில் எப்படியோ. இங்கே சாமிக்குப் படைக்கிற பானையைச் சமைக்கிறவங்க உப்புப் பார்க்கக் கூடாது. சாமிக்கு முன்னால் மனுஷ நாக்கு அதில் படக் கூடாது. வாயில் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு சமைக்கணும். மாமாவோட தங்கச்சி வெள்ளத்தாய்ச் சித்திதான் வருஷக்கணக்காகச் சமைத்தாங்க. ஒரு வருஷம் பழக்கதோஷத்தில் கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிவிட்டாங்க. துணி கழுத்துக்கு இறங்கியிருந்தது அவங்களுக்கே தெரியவில்லை. பங்காளிகள் பார்த்துவிட்டாங்க. அந்த வருஷம் பார்த்து யார் வீட்டு டிராக்டரோ கவிழ்ந்தது, கிணறு வற்றியது, எல்லாம் அவங்க தலையில் வந்து விழுந்தது. இன்றைக்கு வரைக்கும் அவங்க கையால் ஒருத்தர் தண்ணி வாங்கிக் குடிப்பதில்லை. கோயிலுக்கு வந்தால், கூட்டத்துக்குக் கட்டின கயிற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்பாங்க. நாளைக்கு நீயே பார்ப்பாய். நான் போகும்போது வரும்போது ஒரு சிரிப்பு சிரிப்பேன், எனக்கு எல்லாரும் ஒன்றுதான்.

அப்புறம் யார் சமைப்பது? பங்காளிகள் கூடி உட்கார்ந்து பேசுறாங்க. மாமா எழுந்து சொன்னார்: "வாயே வைக்காத கை நம்ம வீட்டுலேயே இருக்கு. பிறந்ததுல இருந்து கறி தின்னாத கை. இதுக்கு மேல சுத்தம் வேணுமா?"

அவ்வளவுதான், ஒரே நாளில் நான் வேற ஆளாகிவிட்டேன். படையல் முடிந்ததும் எனக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தாங்க. கோயிலில் மாமாவுக்குப் பரிவட்டம் கட்டும்போது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தாங்க. பங்காளி வீடு பன்னிரண்டு இருக்கே, அவங்க வீட்டுக் காதுகுத்து, நேர்ச்சை எதுவானாலும் "கோமதியைக் கூப்பிடு". "ஒரு துண்டு வச்சுப் பாரேன்" என்று கெஞ்சின அத்தை, பந்தியில் என் பக்கம் கறிவாளி வந்தால் போதும், "ஏலே, அங்கிட்டுக் கொண்டு போ, அவ மேல தெறிச்சிரப் போகுது" என்று சத்தம் போடுவாங்க. ரொம்பப் பாசம்.

இந்தச் செய்தி எங்க அப்பா காதுக்குப் போனது. "அந்தக் கூட்டத்துக்குள்ள போயும் எம்பொண்ணு நெறி தவறல" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு ஒருநாள் திடீரென்று வந்து நிற்கிறார். கையில் என்ன தெரியுமா? பித்தளைத் தாழ்ப்பாள்! எங்க அப்பா திருப்புளியைத் திருக, மாமா ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்துக் கொடுக்க, ரெண்டு சம்பந்தியும் அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரித்துப் பேசிக்கொண்டாங்க. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரெண்டு வீடும் சேர்ந்துவிட்டதே!

வெங்காயத்தை இந்த வாளியில் போடு. நல்லா உரிக்கிறாய், கை வேகம்.

பேச்சி பிறந்த பிறகு எனக்கு என்ன ஆச்சென்று தெரியவில்லை. எந்த வாசனைக்கு வாந்தி எடுத்தேனோ அதே வாசனைக்கு வாயில் எச்சில் ஊறுது. முதலில் நானே நம்பவில்லை. பால் கொடுக்கிற உடம்பு, பசிதான் என்று நினைத்தேன். பால் மறந்த பிறகும் ஊறுது. ஈரலை வதக்கும்போது சட்டி ஓரத்தில் ஒரு முறுகல் நிற்குமே, அதைப் பார்த்தபடி நிற்பேன். சிரிக்காதே. உன்னிடம்தான் சொல்கிறேன்.

சரி ஒரு வாய் கேட்டுச் சாப்பிடலாமே என்பாய். யாரிடம் கேட்பது? அத்தையிடமா, பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்த மாமாவிடமா, தாழ்ப்பாள் மாட்டின அப்பாவிடமா? இந்த வீட்டில் எல்லாரும் எல்லாம் சாப்பிடுறாங்க. நான் ஒருத்திதான் சாப்பிடக் கூடாது.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குழம்பை இறக்கி வைக்கிறேன், மாமாவோட சித்தப்பா இறந்துவிட்டதாகப் போன் வருது. போட்டது போட்டபடி எல்லாரும் கிளம்பிட்டாங்க. பேச்சிக்குக் காய்ச்சல், அதனால் நான் மட்டும் வீட்டில். துக்க வீட்டில் கவுச்சி ஆகாது, குழம்பை என்ன செய்ய? பக்கத்து வீட்டு முத்தரசி அக்காவுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். சட்டியின் அடியில் மசால் ஒட்டிப்பிடித்து நிற்குது. கழுவத்தான் போனேன், சத்தியமாகக் கழுவத்தான் போனேன். சோறு சூடாக இருந்தது. ஒரு கை அள்ளிச் சட்டியில் போட்டுப் பிரட்டினேன். நின்றபடியே வாயில் போட்டேன்.

ஐயோ செண்பகம்!

என்ன ஐயோ என்கிறாயா? உப்பு! வாயில் வைக்க முடியாத உப்பு! இத்தனை வருஷமாக இந்த உப்பையா போட்டேன்? ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஆனாலும் விடவில்லை, சட்டியை வழித்துத் தின்றுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். ரெண்டு செம்பு தண்ணி குடித்தேன். மறுநாள் முத்தரசி அக்கா பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நேத்து வீட்டுல ஒரு குடம் தண்ணி காலி, கோமதி" என்று சிரித்தாள்.

பார், நான் எதையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. தப்பு தெரிந்துவிட்டதா, திருத்திவிட வேண்டியதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரைக் கை உப்பைக் குறைத்துப் போட்டு இறக்கினேன். வழக்கம்போலக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பந்தியில் எல்லார் முகமும் ஒரு மாதிரி இருக்கு. "மதினி, இது என்ன, ஆஸ்பத்திரிக் குழம்பா?" என்கிறான் உன் வீட்டுக்காரன். உங்க பெரியத்தான் ஊறுகாய் கேட்கிறார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். அத்தை மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாங்க. பார்த்துக்கொண்டே இருந்தாங்க.

ஆம்பிளைகள் எழுந்து போனதும் அடுப்படிக்கு வந்து, "எப்ப இருந்துட்டி?" என்றாங்க.

"எது அத்தை?"

"எட்டு வருசமா நீ குளிக்கப் போனதும் ஒரு செம்பு வெந்நி ஊத்தித்தான் நான் பந்திக்கு எடுக்கேன். இன்னைக்கும் ஊத்துனேன். சப்புன்னு போச்சு. நாக்கு சொல்லாம உப்பு எப்படிட்டி குறையும்?"

"ஒரே ஒரு தடவை அத்தை. சட்டிச்சோறு" என்றேன்.

அத்தை மூடியை எடுத்துச் சட்டியை எட்டிப் பார்த்தாங்க. அப்புறம், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாங்க.

"உப்புதான் கூட" என்றேன்.

அவங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறோம். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாங்க: "இது வெளியே போச்சுன்னா வெள்ளத்தாய்க்கு ஆனதுதான் உனக்கும். உங்க மாமா முகத்துல முழிக்க முடியாது. உப்பைப் பழைய அளவே போடு. நான் வெந்நி ஊத்திக்கிடுறேன். இனி நீ அடுப்புல நின்னா நானும் நிப்பேன்."

சொன்னபடி நிற்கிறாங்க. நான் மூடியைத் திறந்தால் அவங்க கண் என் கையில். நான் இருமினால்கூட, "வாயைத் துடைக்காதே" என்பாங்க. உப்பும் அதே உள்ளங்கை அளவு போடுகிறேன், தெரிந்தே போடுகிறேன், அவங்க வெந்நீரை ஊற்றுறாங்க. வீட்டில் இருக்கிறவங்களுக்காவது அவங்க இருக்காங்க. படையல் பானையில் யார் ஊற்றுவது? கருப்பன் பாடுதான் பாவம். ஊர்க்காரங்க, "கருப்பன் படையல்னா உப்பு தூக்கலாத்தான் நிக்கும்" என்று அதையே ஒரு விசேஷமாக ஆக்கிட்டாங்க!

எனக்குச் சாமிப் பயம் இல்லை. கருப்பன் கிடா தின்கிற சாமி, ஒரு வாய் தின்றவளைக் கோபிக்கமாட்டார். இதோடு நின்றிருந்தால் நானும் உன்னிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கமாட்டேன். எனக்கென்ன, ரசம் இருக்கு, உருளைக்கிழங்கு இருக்கு.

ஆனால் அத்தை ஒரு கணக்குப் போட்டுட்டாங்க. ஒருநாள் மாவு ஆட்டிக்கொண்டே மெதுவாக, "உன் கை போச்சு கோமதி. ஒப்பேத்திக்கிட்டு இருக்கோம். எத்தனை வருசம் ஒப்பேத்த? பிள்ளை கையாவது நிக்கட்டும்" என்றாங்க. எனக்கு முதலில் விளங்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மாமா பேச்சியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொல்கிறார்: "அம்மைக்குப் பிறகு என் பேத்திதான் பானை வைக்கணும். இன்னைக்கிருந்து பிள்ளைக்குக் கவுச்சி வேண்டாம். ஒரு வருசம் வாயைக் கட்டுனா ரத்தம் சுத்தமாயிரும்." மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு சந்தோஷம். அவரிடம் என்னத்தைச் சொல்வது?

அவள் கோழிக்காலுக்கு உயிரை விடுகிறவள். தாத்தா மடியில் உட்கார்ந்துதான் எலும்பை உறிஞ்சுவாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தயிர்ச்சோறு. முதல் வாரம், "அம்மா, நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்டாள். "தப்பு இல்லட்டி தங்கம், நீ சாமிப் பிள்ளை" என்று சொல்லிச் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

பள்ளிக்கூடத்து சத்துணவில் முட்டை போடுறாங்க இல்லையா? அத்தை நேரே டீச்சரிடம் போய், எங்க பிள்ளைக்கு முட்டைக்குப் பதிலாக வாழைப்பழம் கொடுங்க என்று சொல்லிவிட்டு வந்துட்டாங்க. இவள் என்ன செய்கிறாள் தெரியுமா? பழத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துப் பாதி முட்டை வாங்கித் தின்கிறாள். சாயங்காலம் வரும்போது உதட்டோரத்தில் மஞ்சள் ஒட்டியிருக்கும். அத்தை பார்ப்பதற்கு முன்னால் முந்தானையால் துடைத்துவிடுவேன். ஆச்சி கேட்டால், "வாழைப்பழம் சாப்பிட்டேன், இந்தா பாரு" என்று வாயைத் திறந்து ஊதிக் காட்டுவாள். கண் இமைக்கமாட்டாள். அஞ்சு வயசு, செண்பகம். அஞ்சு வயசில் எனக்கு அவ்வளவு சுத்தமாகப் பொய் வராது.

போன வாரம், "அம்மா, நீ கறி தின்னுருக்கியா?" என்று கேட்டாள். "இல்லை" என்றேன். "ஒரு தடவைகூட?" "ஒரு தடவைகூட இல்லை." என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்க பெரியத்தானிடம் சொல்லிப் பார்த்தேன். "பிள்ளையை மட்டும் விட்டுருங்களேன்" என்றேன். "அப்பாவுக்கு இதுல ஒரு பெருமைடி. வந்த புதுசுல நீ ஒரு துண்டு தின்னுருந்தா இந்த வம்பே இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எங்க அம்மாவிடமாவது சொல்லலாம் என்று ஊருக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "உன்னாலதான் உன் தங்கச்சிக்கு நல்ல இடம் வந்திருக்கு, அந்த வீட்டுலேயே இப்படி இருந்தவளோட தங்கச்சின்னு கேட்டு வர்றாங்க" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

இதையெல்லாம் ஏன் உன்னிடம் சொல்கிறேன் என்று நினைப்பாய். காரணம் இருக்கு. ராத்திரி பகலாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். எனக்கு எப்போதும் ஒரு வழி கிடைத்துவிடும்.

உனக்குக் கவுச்சி என்றால் உயிர் என்று தம்பி சொன்னான். எந்தப் பொண்ணுக்குத்தான் பிடிக்காது! ஆனால் பாரு, கல்யாணத்தில் இருந்து இந்த ஐந்து நாளாக வீட்டில் கவுச்சி இல்லை. புதுப்பொண்ணுக்கு முதல் கறி கருப்பன் கோயிலில்தான், அது நம்ம வழக்கம்; நான் கறி தின்னாதவள், எனக்குத்தான் அதைச் செய்யவில்லை. அப்படியென்றால் இந்த வீட்டு மருமகளாக வந்த பிறகு நீ இன்னும் வாய் வைக்கவில்லை. புரியுதா? முன்னால் சாப்பிட்டது கணக்கில் வராது, பேச்சிக்கே ஒரு வருஷம் போதும் என்று மாமா வாயால் சொல்லிட்டாரே. உனக்கும் அதே ஒரு வருஷம்தான். வளர்ந்த மருமகளே கை கொடுக்கிறேன் என்று நின்றால், சின்னப் பிள்ளையைப் போட்டு யாரும் வருத்தமாட்டாங்க.

கஷ்டமே இல்லை. பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பாங்க. பன்னிரண்டு வீட்டிலும் உனக்குத்தான் முதல் மரியாதை. உன்னை ஒருத்தர் ஒரு சொல் சொல்லமுடியாது. மாமா தலையில் வைத்துக் கொண்டாடுவார். நான் இல்லையா, எட்டு வருஷமாக எனக்கு என்ன குறைச்சல்? ஆசை வந்தால்கூடச் சொல்லு, ஒரு கிண்ணத்தில் எடுத்து ஒளித்து வைக்கிறேன். அத்தை என் கையைத்தானே பார்த்துக்கொண்டிருப்பாங்க, உன்னையா பார்க்கப்போறாங்க?

ஏன் உரிக்கிறதை நிறுத்திட்ட?

கேட் சத்தம் கேட்குது, அவங்கதான். தலையைக் குனிந்துக்கோ. நாளைக்கு மத்தியானம் பந்தியில் மாமா முதல் துண்டை உன் இலையில்தான் வைக்கச் சொல்வார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அப்போ முகத்தைச் சுளிக்காமல், சிரித்தபடி, "எனக்கு வேண்டாம் மாமா, நான் அக்கா பக்கம் உட்கார்ந்துக்கிறேன்"னு ஒரு வார்த்தை சொல்லிரு, தாயி. என் பிள்ளைக்காகச் சொல்லிரு.